நிழல் இருக்கும் பக்கம்

கொலோசியோ மெட்ரோ நிலையத்திலிருந்து வெளியே வந்ததும் எல்லாக் குடும்பமும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும். எதிரே கொலோசியம் மலைபோல நிற்கும். பெரியவர்கள் அண்ணாந்து பார்த்தபடி நின்றுவிடுவார்கள். பிள்ளைகள் கூச்சல் போடுவார்கள். யாராவது ஒருவர் போனை எடுத்து எல்லோரையும் வரிசையாக நிற்கச் சொல்வார். அந்த நேரத்தில் நான் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, பாட்டி நிற்கிற இடத்துக்கு வெயில் வர இன்னும் எத்தனை நிமிடம் இருக்கிறது என்பதுதான் என் கணக்கு.

டூர் மேனேஜர் வேலைக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. தமிழ்க் குடும்பங்களை ஐரோப்பாவுக்கு அழைத்துப் போய், போனபடியே திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது என் தொழில். ஊரிலிருந்து நேராக வருகிறவர்கள் பெரும்பாலும் மே மாதத்தில் வந்துவிடுவார்கள். அப்போது ரோம் இதமாக இருக்கும். சிங்கப்பூர்க் குடும்பங்களுக்குப் பள்ளி விடுமுறை ஜூனில். துபாய், மஸ்கட், குவைத்தில் இருப்பவர்களுக்கு ஜூலை, ஆகஸ்ட்தான். ஊரிலிருந்து அப்பா அம்மாவையும் வரவழைத்து, மூன்று தலைமுறையாக, உச்ச வெயிலில் வந்து இறங்குவார்கள். அந்த மாதங்களில் ரோமின் பகல் வெப்பம் சராசரியாகவே 31, 32 டிகிரி. அனல் அலை வந்துவிட்டால் 38ஐத் தொடும். 2023 ஜூலை 18ஆம் தேதி 41 டிகிரியையும் தாண்டியது.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: "சார், நாங்க கத்திரி வெயிலையே பாத்தவங்க."

பார்த்தவர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் கத்திரி வெயிலில் நாம் என்ன செய்கிறோம்? பதினொரு மணிக்கு ஜன்னலைச் சாத்துகிறோம். நடு மதியத்தில் வெளியே தலை காட்டுவதில்லை. ஒரு சொம்பு மோரைக் குடித்துவிட்டுத் தரையில் பாய்கூட இல்லாமல் படுக்கிறோம். ஐந்து மணிக்கு மேல்தான் கடைத்தெரு. அதே குடும்பம் ரோமுக்கு வந்தால், ஐந்து வயதுப் பிள்ளையையும் எழுபத்திரண்டு வயதுப் பாட்டியையும் கூட்டிக்கொண்டு மதியம் இரண்டு மணிக்குக் கல்தரையில் ஆறு கிலோமீட்டர் நடக்கிறது. கத்திரியை நாம் தாங்குவதில் பாதி உடம்பால், பாதி பழக்கத்தால். பழக்கத்தை வீட்டில் விட்டுவிட்டு உடம்பை மட்டும் விமானத்தில் ஏற்றி வந்துவிடுகிறோம்.

ரோம் வெயிலின் நேரக்கணக்கும் வேறு. கோடையில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருப்பார்கள். சூரியன் உச்சிக்கு வருவதே ஏறக்குறைய 1:10 மணிக்குத்தான். சூடு முழுதாக ஏறி நிற்பது மூன்றிலிருந்து ஐந்துக்குள். சென்னையில் பல நாள் மதியத்துக்கு மேல் கடல்காற்று வந்து காப்பாற்றிவிடும். அந்த நினைப்பில், "சாப்பிட்டுட்டு ரெண்டரைக்குக் கிளம்பினா சரியா இருக்கும்" என்பார் வீட்டுத் தலைவர். அவர் கிளம்பச் சொல்வது, அடுப்பு நன்றாகக் கனன்று நிற்கிற நேரத்தில். ரோமுக்கும் கடல்காற்று உண்டு. மேற்கிலிருந்து சாயங்காலமாக வரும் அந்தக் காற்றைப் 'பொனென்தீனோ' என்று செல்லமாகச் சொல்வார்கள். அது வரும்வரை உள்ளூர்க்காரர்கள் வேலை இல்லாமல் வெளியே வருவதில்லை.

வியர்வையும் ஏமாற்றும். நம் ஊரில் சட்டை நனைந்து முதுகில் ஒட்டும், தண்ணீர் போகிறது என்று தெரியும். ரோமின் பிற்பகல் காற்று உலர்ந்தது. வியர்வை வந்த சுவடு தெரியாமல் காய்ந்துவிடும். "வியர்க்கவே இல்லையே சார்" என்று சந்தோஷமாகச் சொல்கிறவரின் நெற்றியை விரலால் தடவிப் பார்க்கச் சொல்வேன். உப்பு நெறுநெறுக்கும்.

இதையெல்லாம் நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு அம்மாவிடம் கற்றேன். வேலைக்கு வந்து மூன்றாவது வருடம், ஜூலை மாதம். அப்போது நான் வேலை பார்த்த நிறுவனத்தின் திட்டத்தில் காலையில் வாத்திகன், மதியம் கொலோசியம், அது முடிந்ததும் ரோமன் ஃபோரம், மாலையில் திரேவி நீரூற்று, எல்லாம் ஒரே நாளில். ஃபோரத்துக்குள் 'வியா சாக்ரா' என்று ஒரு பழைய பாதை உண்டு. வென்று வந்த தளபதிகள் ஊர்வலம் போன வழி. பெரிய பெரிய கருங்கல் பாளங்கள், இடையிடையே வெடிப்பு, நிழல் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. கூட்டத்தின் கடைசியில் வந்துகொண்டிருந்த அந்த அம்மா சத்தமில்லாமல் ஒரு கல்லில் உட்கார்ந்தார். பிறகு பக்கவாட்டில் சாய்ந்தார். மகன் உலுக்கியபோது பேச்சு குழறியது. தூக்கிக்கொண்டு ஒரு சுவர் ஓரத்துக்குப் போனோம். துண்டை நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் வைத்தோம். ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு பாட்டில் சலைன் ஏறியதும் கண் திறந்து பேரன் சாப்பிட்டானா என்று கேட்டார்.

அவருடைய கைப்பையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. காலையில் நான் கொடுத்தது. மூடிகூடத் திறக்கவில்லை. "ஏம்மா குடிக்கல?" என்றேன். மகன் வெளியே போகும்வரை காத்திருந்துவிட்டு மெல்லச் சொன்னார்: "குடிச்சா பாத்ரூம் போகணுமேப்பா. இந்த ஊர்ல அது எங்க இருக்குன்னு யாரைக் கேக்கறது?"

மறுநாள் விடிந்ததும் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு கொலோசியத்திலிருந்து பழைய பாந்தியான் கோயில் வரைக்கும் நடந்தேன். எங்கெங்கே கழிவறை, எது எத்தனை மணிக்குத் திறக்கும், எங்கே படி இருக்கிறது, எங்கே சில்லறை வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் குறித்தேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. வருடா வருடம் திருத்துகிறேன்.

இப்போது காலையில் கூட்டம் சேர்ந்ததும் அன்றைக்குப் பார்க்கப் போகிற இடங்களின் பெயரை நான் முதலில் சொல்வதில்லை. முதல் கழிவறைக்கு எத்தனை நிமிடம், இரண்டாவதற்கு எத்தனை நிமிடம் என்றுதான் சொல்வேன். இத்தாலியில் 'பார்' என்றால் காபிக் கடை, மதுக்கடை என்று நினைத்துப் பெண்கள் தயங்க வேண்டாம் என்பேன். கவுண்டரில் நின்றபடி ஒரு எஸ்பிரெஸோ குடித்தால் ஒன்றரை யூரோ அளவில்தான் ஆகும். அதைக் குடித்துவிட்டு அங்குள்ள கழிவறையைக் கூச்சமில்லாமல் கேட்கலாம். மேசையில் உட்கார்ந்தால் விலை ஏறும், அது வேறு விஷயம். மருமகள்களிடம் தனியாக ஒரு வார்த்தை: மாமியார் தானாகக் கேட்க மாட்டார், நீங்கள் போகும்போது கையைப் பிடித்துக் கூட்டிப் போங்கள். இந்த ஏற்பாடு சரியாக அமைந்துவிட்டால், "தண்ணி குடிங்க, தண்ணி குடிங்க" என்று நாள் முழுவதும் கத்த வேண்டிய அவசியமே வராது. தானாகக் குடிப்பார்கள்.

தண்ணீருக்கோ ரோமில் பஞ்சமே இல்லை. தெருவுக்குத் தெரு, ஒரு ஆள் மார்பளவு உயரத்தில் வார்ப்பிரும்புக் குழாய்த் தூண்கள் நிற்கும். வளைந்த குழாய் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருப்பதால் ஊர்க்காரர்கள் 'நசோனே', பெரிய மூக்கு, என்று பெயர் வைத்துவிட்டார்கள். 1874இல் முதலில் நட்டார்கள். இன்று சுமார் 2,500 இருக்கின்றன. இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கும், வீட்டுக் குழாய்க்கு வருகிற அதே நல்ல தண்ணீர், சில்லென்று. நம் ஆட்கள் அதை நம்பவே மாட்டார்கள். தெருக்குழாய்த் தண்ணீரைக் குடிப்பதா என்று இரண்டு யூரோ கொடுத்து பிளாஸ்டிக் பாட்டில் வாங்குவார்கள்.

அதற்கு நான் வைத்திருக்கும் வைத்தியம் ஒன்று உண்டு. வாய்ப்பேச்சால் சொல்லாமல், கூட்டத்திலேயே சின்னப் பையனைக் கூப்பிடுவேன். "தம்பி, அந்தக் குழாய் வாயை உன் விரலால இறுக்கி அடைச்சுக்கோ." அடைப்பான். குழாயின் வளைவுக்கு மேலே ஒரு சின்னத் துளை இருக்கிறது. கீழே வழி அடைபட்டதும் தண்ணீர் அந்தத் துளை வழியாக மேல்நோக்கி வளைந்து பாயும். குனியாமல், பாத்திரம் இல்லாமல், வாயை வைத்தே குடிக்கலாம். முதல் தடவை மூக்கிலும் கண்ணிலும் அடிக்கும், பையன் சிரிப்பான், அவன் அக்கா தள்ளிக்கொண்டு வருவாள், அப்புறம் அப்பா, கடைசியில் தாத்தா. தாத்தா குடித்துவிட்டால் அந்தக் குடும்பம் பாட்டில் வாங்குவது அன்றோடு நிற்கும். அடுத்த நாளிலிருந்து பிள்ளைகள் 'மூக்கு' எண்ணத் தொடங்குவார்கள். இன்றைக்குப் பதினேழு, நேற்றுப் பன்னிரண்டு என்று கணக்கு நடக்கும். கால் வலிக்கிறது என்ற பேச்சே இருக்காது.

போன வருடம் ஒரு தஞ்சாவூர்ப் பாட்டி இதற்கு மேல் ஒன்று செய்தார். சூப்பர் மார்க்கெட்டில் சர்க்கரை போடாத யோகர்ட் டப்பா வாங்கிவரச் சொன்னார். நசோனே ஓரத்தில் நின்று பாதி பாட்டில் தண்ணீரில் அதைக் கரைத்து, பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உப்பும் பெருங்காயமும் வறுத்த சீரகப் பொடியும். மூடியை இறுக்கி நன்றாகக் குலுக்கி எல்லோருக்கும் ஒரு வாய் கொடுத்தார். இழந்த உப்பும் நீரும் ஒன்றாக உள்ளே போக இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. அந்தப் பொட்டலத்தை இப்போது நான் எல்லா குரூப்புக்கும் கொண்டுபோகிறேன்.

ஈரிழைத் துண்டும் அப்படித்தான். கனமான டர்க்கி டவல் எதற்கும் உதவாது. மெல்லிய பருத்தித் துண்டை நனைத்துப் பிழிந்து கழுத்தில் போட்டால், உலர்ந்த காற்றில் ஈரம் ஆவியாகும்போது உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டு போகும். மண்பானையில் தண்ணீர் குளிர்கிற அதே கணக்கு. சென்னைப் புழுக்கத்தில் இவ்வளவு பலன் இருக்காது, ரோமில் இருக்கும். பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும், அடுத்த மூக்கில் மறுபடி நனைத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் குழந்தையை வைத்துத் தள்ளும் வண்டியின் மேல் துணியை முழுதாகப் போர்த்த நான் விடுவதில்லை. வெயில் படாமல் இருக்கட்டும் என்று பாசத்தில் செய்கிறார்கள். உள்ளே காற்றோட்டம் நின்று வெளியைவிடச் சூடு அதிகமாகிவிடும்.

நிழல் பிடிப்பது தனி வித்தை. இதில் நம் உள்ளுணர்வு தவறாகச் சொல்லும். ஜூன் மாத நடுப்பகலில் தமிழ்நாட்டில் சூரியன் தலைக்கு மேலே, சற்று வடக்கே நிற்கும். நிழல் காலடியிலேயே சுருண்டு கிடக்கும். உச்சியில் நிழல் கிடையாது என்றே நாம் வளர்ந்திருக்கிறோம். ரோம் ஏறக்குறைய 42 டிகிரி வடக்கே இருக்கிறது. அங்கே உச்சிச் சூரியன் என்றைக்குமே தெற்குப் பக்கம்தான். அதனால் கிழக்கு மேற்காகப் போகிற தெருவில், தெற்குப் பக்கத்துக் கட்டிடங்களை ஒட்டி நடந்தால் நடுப்பகலிலும் நிழல் உண்டு. ஐந்து மாடிக் கட்டிடத்துக்கு ஜூன் உச்சியில்கூட ஐந்து, ஆறு மீட்டர் நிழல் விழும். ஒரு குடும்பம் கைகோத்து நடக்க அது தாராளம். வடக்கு தெற்குத் தெரு என்றால் காலையில் கிழக்குப் பக்கம், பிற்பகலில் மேற்குப் பக்கம். இவ்வளவுதான் சூத்திரம். ஆனாலும் புது ஓட்டலில் தங்க நேர்ந்தால், முந்தின நாள் அதே நேரத்தில் அந்த வழியை ஒரு தடவை நடந்து பார்க்காமல் நான் கூட்டத்தை இறக்குவதில்லை. ஒரு சாரக்கட்டு, ஒரு மூடிய நடைபாதை போதும், கணக்குத் தப்பிவிடும்.

இந்த நிழல் விவகாரம் ரோமில் புதிதும் இல்லை. கி.பி. 64இல் ஊர் எரிந்த பிறகு நீரோ அகலமான தெருக்களோடு மறுபடி கட்டினான். பழைய குறுகிய தெருக்களும் உயரமான வீடுகளும்தான் வெயிலிலிருந்து காத்தன, இப்போது நிழலே இல்லாமல் கொதிக்கிறது என்று சிலர் குறைபட்டுக்கொண்டதை டாசிட்டஸ் என்ற வரலாற்றாசிரியர் எழுதி வைத்திருக்கிறார். பாந்தியான் பக்கத்துச் சந்துகளில் நடக்கும்போது இதைச் சொல்வேன். 1,900 வருடத்துக்கு முந்தைய புகாரை, நிழலில் நின்று கேட்கும்போது எல்லோருக்கும் புரியும்.

என் வேலையைப் பற்றி நான் சொல்ல விரும்புவதும் இதைத்தான். வெயிலை ரோமுக்கு எதிரியாகப் பார்த்த காலம் எனக்கும் இருந்தது. பதினெட்டு வருடத்தில் தெரிந்துகொண்டது, ரோமைக் காட்ட வெயிலைவிட நல்ல கைடு இல்லை. வெயிலை நன்றாகத் தெரிந்தவர்கள் கட்டிய ஊர் அது. கொலோசியத்தின் உயரமான வடக்குச் சுவரை அண்ணாந்து பார்த்தால் மேல்மாடியில் வரிசையாகக் கல் தாங்கிகள் துருத்திக்கொண்டிருக்கும். 240 மரக்கம்பங்களை அவற்றில் நிறுத்தி, கயிறு கட்டி, பார்வையாளர்களுக்கு மேலே துணிப்பந்தல் இழுத்தார்கள். பாய்மரம் கட்டத் தெரிந்தவனுக்குத்தான் அது முடியும் என்று மிசேனம் கடற்படைத் தளத்திலிருந்து மாலுமிகளைக் கொண்டுவந்து தங்கவைத்திருந்தார்கள். கி.பி. 80இல் திறந்த அரங்கம். அங்கே நிற்கிற தாத்தாவிடம் இந்தத் தேதியைச் சொன்னால் தலையாட்டுவார். "கல்யாணப் பந்தல் மாதிரி, ஆனா கப்பல்காரங்க போட்டது" என்று சொன்னால் அந்தத் தாங்கிகளை ஒவ்வொன்றாக எண்ணுவார்.

உள்ளே விளக்கம் சொல்வது உரிமம் பெற்ற உள்ளூர் கைடு. சட்டம் அப்படி, அதில் எனக்கு வருத்தமும் இல்லை. அவர்கள் படித்தவர்கள். எனக்கு அவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்தான் உண்டு. எல்லோர் காதிலும் சின்ன ஒலிக்கருவி மாட்டியிருக்கிறோம், கைடின் மைக் முப்பது மீட்டர் தள்ளியும் கேட்கும். ஆகவே நீங்கள் எங்கே நின்று வேண்டுமானாலும் பேசுங்கள், என் ஆட்களை நான் நிழலில் உட்காரவைத்துக்கொள்கிறேன். கொலோசியத்தின் கீழ்த்தள வளைவுப் பாதைகள் அதற்கென்றே கட்டினது போல இருக்கும். கனத்த சுவர், உயரமான வளைவுக்கூரை, இரண்டு பக்கமும் திறந்த வாசல்கள், எப்போதும் ஒரு காற்று. 8:30க்குத் திறந்ததும் உள்ளே போய்விட்டால் பத்தரைக்குள் முடிந்துவிடும். ஃபோரத்தை அதே நாளில் வைப்பதில்லை. மறுநாள் காலையில் திறந்ததும் பலதீன் குன்றின் பக்கமாக நுழைந்து, குடைபோல விரிந்த பைன் மரங்களின் அடியில் நின்று கீழே பார்த்தால் ஃபோரம் முழுவதும் தெரியும். முடிந்தவர்கள் இறங்கிப் போகட்டும், முடியாதவர்கள் மேலேயே இருக்கட்டும். இரண்டு பேரும் ஃபோரம் பார்த்தவர்கள்தான்.

கொலோசியத்திலிருந்து வெளியே வந்த அந்தப் பத்தரை மணிக்கு நான் அழைத்துப்போகிற இடம் சில நூறு மீட்டர் தள்ளியிருக்கும் சான் கிளெமென்தே தேவாலயம். பெரும்பாலான பேக்கேஜ்களில் அது இருக்காது. மேலே இருப்பது 12ஆம் நூற்றாண்டுக் கோயில். படியிறங்கினால் அதற்கடியில் 4ஆம் நூற்றாண்டுக் கோயில். அதற்கும் கீழே இறங்கினால் ரோமானியர் காலத்துக் கட்டிடம், மித்ரா என்ற தெய்வத்தை வழிபட்ட குகை அறை. ஒவ்வொரு தளம் இறங்கும்போதும் வெப்பம் குறைவது தோலில் தெரியும். அடித்தளத்தில் சுவருக்குப் பின்னால் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்கும். வெளியே 36 டிகிரியில் கொதித்துக்கொண்டிருக்கும்போது, பிள்ளைகள் அந்த இருட்டில் காதைச் சுவரில் வைத்துக் கேட்பார்கள். மித்ரா நம் வேதத்தில் வருகிற மித்திரன் என்ற பெயரோடு உறவுள்ள பெயர் என்று சொன்னால் தாத்தாக்கள் அங்கேயே ஐந்து நிமிடம் அதிகம் நிற்பார்கள். நண்பகலில் சற்று நேரம் மூடிவிடுவார்கள், கீழே இறங்குகிற படிகள் முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஆகாது. இந்த இரண்டையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

வெயிலுக்கு ஒதுங்க இன்னொரு நல்ல இடம் சான்த் இன்யாசியோ தேவாலயம். குவிமாடம் கட்டப் பணம் இல்லாமல் போனதாகச் சொல்வார்கள். காரணம் எதுவானாலும், தட்டையான கேன்வாஸ் துணியில் ஆந்திரேயா பொத்சோ 1685இல் குவிமாடம் போலவே வரைந்து கூரையில் பொருத்திவைத்தார். தரையில் பதித்த பளிங்கு வட்டத்தில் நின்றால் நிஜக் குவிமாடம், நாலு அடி நகர்ந்தால் சாய்ந்து குட்டு வெளிப்பட்டுவிடும். பிள்ளைகள் அந்த வட்டத்துக்கும் தூணுக்கும் நூறு தடவை நடப்பார்கள். கட்டணம் கிடையாது, உட்கார பெஞ்சு உண்டு.

இதெல்லாம் முடிந்து மதியச் சாப்பாடு ஆனதும் ஒன்றரைக்கு எல்லோரும் ஓட்டல் அறைக்குப் போக வேண்டும், ஐந்து மணிவரை வெளியே வரக் கூடாது. இது என் சட்டம். சண்டை வருவதும் இங்கேதான். "இவ்ளோ பணம் கட்டி வந்து ரூம்ல தூங்கறதுக்கா சார்?" என்று கேட்காத அப்பா இல்லை. கோபம் நியாயமானது. அவர் இரண்டு வருடம் சேமித்த பணம். நான் அவரிடம் கணக்கைத்தான் சொல்வேன். ஜூனில் இங்கே பொழுது விடிவது ஐந்தரைக்கு, இருட்டுவது ஒன்பதுக்கு மேல். பதினைந்து மணி நேர வெளிச்சம். அதில் மூன்றரை மணி நேரத்தை உடம்புக்குக் கொடுத்தாலும் மீதி பதினொன்றரை மணி நேரம் இருக்கிறது. ஊரில் முழு நாள் வெளிச்சமே பன்னிரண்டு, பதின்மூன்று மணி நேரம்தானே. பகல் தூக்கத்துக்கு ஸ்பானியர் சொல்லும் 'சியஸ்டா' என்ற பேரே, ரோமானியர் பகலின் ஆறாவது மணியைச் சொன்ன 'செக்ஸ்தா' என்ற சொல்லிலிருந்து வந்ததுதான். ஆகவே மதியம் தூங்குவதும் ரோம் பார்ப்பதில் சேர்த்திதான். அரைமனதோடு போய்ப் படுப்பார். ஐந்து மணிக்கு முகம் கழுவிக்கொண்டு வரும்போது அந்தக் குடும்பமே வேறு குடும்பமாக இருக்கும். பிள்ளைகள் சிணுங்காது, பெரியவர்கள் பரஸ்பரம் எரிந்து விழ மாட்டார்கள்.

இன்னும் மூன்று விஷயம். ரோமின் தெருக்கள் 'சாம்பியெத்ரீனி' என்ற சிறு கருங்கற்கள் பதித்தவை, மேடும் பள்ளமுமாக, சூடு ஏறினால் சீக்கிரம் இறங்காது. ரப்பர் செருப்பு மட்டும் வேண்டாம். இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், புறப்படுவதற்கு முன்பே தங்கள் டாக்டரிடம் அனல் வெயிலில் நடக்கப் போவதைச் சொல்லிக் கேட்டுக்கொண்டு வர வேண்டும். யாருக்காவது பேச்சு குழறினால், உடம்பு அனலாகக் கொதித்துக் குழப்பமாகப் பேசினால், ஆசுவாசப்படுத்திப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. 112க்கு அழைத்துவிட்டுத்தான் மற்றது.

சாயங்காலத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் என் வேலையின் சுகமே விட்டுப்போகும். எட்டரை மணி. பொனென்தீனோ வந்துவிட்டது. குடும்பத்தை பியாத்சா நவோனாவுக்குக் கூட்டிப்போவேன். ரோமானிய ஓட்டப்பந்தய மைதானத்தின் வடிவத்திலேயே நீண்டு கிடக்கிற சதுக்கம். 1652இலிருந்து 1866 வரை, ஆகஸ்ட் மாத விடுமுறை நாட்களில், இங்குள்ள வடிகால்களை அடைத்து நீரூற்றுத் தண்ணீரால் சதுக்கத்தையே குளமாக்கிவிடுவார்கள். பிரபுக்கள் குதிரை வண்டியோடு அதில் இறங்கி ஓட்டினார்கள், ஏழைப் பிள்ளைகள் குதித்து விளையாடினார்கள். ஊரே வெயில் தணிய வந்து கூடிய இடம். நடுவில் சிற்பி பெர்னினியின் நான்கு நதிகள் நீரூற்று, 1651இல் முடிந்தது. நான்கு கண்டங்களுக்கு நான்கு நதிகள்: தனூப், நைல், பிளாத்தா, கங்கை.

மோர் கலக்கிக் கொடுத்த தஞ்சாவூர்ப் பாட்டியிடம், கையில் நீளமான துடுப்போடு தாடி வைத்துச் சாய்ந்திருக்கிற சிலையைக் காட்டி, "பாட்டி, இதுதான் கங்கை" என்றேன்.

பாட்டி கண்ணாடியைச் சரிசெய்து பார்த்தார். "கங்கைக்குத் தாடியா? அவ அம்மா இல்லையோ?"

"இவங்க ஊர்ல நதின்னா ஆம்பளை பாட்டி. இவங்க தீபெர் ஆத்துக்கும் தாடிதான்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தக் கல்தரையில் வெறுங்காலோடு நின்று கைகூப்பினார். மதியம் வைத்த கால் வெந்துபோயிருக்கும் தரை அது. அந்த நேரத்தில் இளஞ்சூடாக இருந்தது. எங்களைச் சுற்றி ஐஸ்கிரீமும் கித்தாரும் கூட்டமும். பாட்டி கூட்டத்தைக் கவனிக்கவில்லை. பேத்தி மட்டும் அவர் பக்கத்தில் போய் நின்று, தன் செருப்பையும் கழற்றிக்கொண்டாள். அன்று மதியம் ஃபோரத்தில் நடக்கவைத்திருந்தால் அந்தப் பாட்டி இந்த நேரத்தில் ஓட்டல் படுக்கையில் கால் வீங்கிக் கிடந்திருப்பார்.

அடுத்த கோடைக்கு ரோமுக்கோ, ஏதென்ஸுக்கோ, பாரிஸுக்கோ குடும்பத்தோடு புறப்படப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எத்தனை நாடு, எத்தனை இடம், சாப்பாட்டில் சாம்பார் உண்டா என்று மட்டும் கேட்டுவிட்டு முன்பணம் கட்டாதீர்கள். "பகல் ஒன்றரையிலிருந்து ஐந்து மணிவரை எங்கள் அம்மாவை எங்கே வைத்திருப்பீர்கள்? அங்கே கழிவறை எத்தனை அடி தூரத்தில்?" என்று கேளுங்கள். தாளைப் பார்க்காமல் பதில் சொல்கிறவரிடம் கட்டுங்கள்.